தண்ணீர் பிரியும் அந்தக் கணத்தை யாராவது பார்த்திருக்கிறார்களா?

மருதாணி

பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் எனக்குத் தயக்கம் வரும். ஒளியைப் பிடிக்கும் புரதத் தொகுதியான போட்டோசிஸ்டம் 2-இல் உள்ள மாங்கனீசும் கால்சியமும் சேர்ந்து தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜனை வெளியேற்றுகின்றன என்று ஒரே ஒரு வரி. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அந்த வரியில் இருக்கிறது, அதை நான் கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறேன். இந்த வாரம் பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "தண்ணி பிரியறத யாராவது பாத்திருக்காங்களா மிஸ்?"

வீட்டுக்கு வந்து தேடினால் எக்ஸ் கதிர் லேசர், மூலக்கூறு சினிமா என்று ஏகப்பட்ட செய்திகள். ஒரு செய்தியில் ஃபெம்டோ நொடி என்கிறார்கள். அதே ஆய்வைப் பற்றிய இன்னொன்றில் மில்லி நொடி என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எது சரி? திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கண்ணாடிநுனி

டீச்சர், இரண்டும் சரிதான். முனைவர் பட்டத்துக்கு அப்புறம் மூன்று வருடம் இதே வேலையில்தான் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஒரு நொடியைப் பத்து கோடி கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி. அதை ஒரு முழு நொடியாக நீட்டினால், நம்முடைய ஒரு நொடி 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் போகும். நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளி, ஒரு ஃபெம்டோ நொடியில் 0.3 மைக்ரான்தான் நகரும். தண்ணீரில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அதிர்வில் ஒருமுறை விலகி நெருங்க சுமார் 10 ஃபெம்டோ நொடி ஆகிறது. வேதிப் பிணைப்புகள் விழுவதும் அறுவதும் இந்த வேகத்தில்தான்.

இவ்வளவு குறுகிய லேசர் மின்னல்கள் முன்பே இருந்தன. அகமது ஜுவைல் அவற்றை வைத்து வேதிவினைகளைப் பின்தொடர்ந்துதான் 1999-இல் நோபல் வாங்கினார். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியோ 0.1, 0.2 நானோமீட்டர். மூலக்கூறு எந்த நிறத்தை உறிஞ்சுகிறது என்பதை வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்கலாம், அணு எங்கே நிற்கிறது என்று நேரே காட்ட முடியாது. அதைக் காட்ட எக்ஸ் கதிர் வேண்டும். அந்த எக்ஸ் கதிரும் ஃபெம்டோ நொடி மின்னலாக வர வேண்டும்.

உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். குறுகிய மின்னலுக்கு இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. அசைவை உறையவைப்பது ஒன்று. எக்ஸ் கதிரே பொருளை அழித்துவிடும் என்பதால், அழிவு தொடங்குவதற்குள் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவது இன்னொன்று. செய்திகளில் எப்போதும் முதல் வேலையைத்தான் எழுதுவார்கள். உங்கள் மாணவியின் கேள்விக்கோ இரண்டாவதுதான் முக்கியம். போட்டோசிஸ்டம் 2-இல் கடைசிப் படி முடிய ஒன்றிரண்டு மில்லி நொடி ஆகும், அது நிதானமான வினை. அங்கே மின்னல் குறுகியதாக இருப்பது வேகத்துக்காக இல்லை, மாங்கனீசைக் கெடுக்காமல் பார்ப்பதற்காக.

பழைய பிலிம்

தம்பி சொன்ன இரண்டாவது வேலையைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ஜி.என். இராமச்சந்திரன் உருவாக்கிய துறையில் படிகவியல் படித்தவன் நான். படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர் பிலிமில் புள்ளிகளாக விழும், அதை வைத்து அணுக்கள் எங்கே என்று கணக்கிடுவோம். அந்தப் புள்ளிகளை எண்ணிய தலைமுறை. அப்போது எங்கள் பெரிய எதிரியே கதிர்ச் சேதம்தான். மாதக்கணக்கில் வளர்த்த புரதப் படிகத்தைக் கதிரில் வைப்போம். முதல் நாள் புள்ளிகள் கூர்மையாக, படத்தின் ஓரம் வரைக்கும் இருக்கும். போகப் போக ஓரத்துப் புள்ளிகள் மங்கி, உள்ளே உள்ளவை மட்டும் மிஞ்சும். படிகத்தை எடுத்துப் பார்த்தால் கதிர் பட்ட இடம் மட்டும் பழுப்பேறியிருக்கும். அப்புறம் திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைத்து எடுக்கும் பழக்கம் வந்தது, சேதம் குறைந்தது. ஆனால் உறைந்துபோன புரதம் வேலை செய்யாது. வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றால் அறை வெப்பநிலைதான்.

மாங்கனீசு இதில் ரொம்ப நொய்மையானது. படிகத்தின் புள்ளிகள் கொஞ்சமும் மங்காமல் இருக்கும்போதே மாங்கனீசு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நிலை மாறிவிடும். படம் அழகாக வரும். ஆனால் அதில் தெரிவது செடிக்குள் இருக்கும் மாங்கனீசு இல்லை, நாம் கெடுத்த மாங்கனீசு. 2005-இல் பெர்க்லியில் ஜுன்கோ யானோ, விட்டல் யாசந்திரா குழு இதை நிறுவிக் காட்டியது. அதுவரை வந்த கட்டமைப்புகளை எல்லோரும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

2000-இல் ரிச்சர்ட் நாய்ட்ஸேயும் யானோஸ் ஹைடுவும் வேறு சிலரும் ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். மின்னல் போதிய அளவு குறுகியதாக இருந்தால், மூலக்கூறு வெடித்துச் சிதறுவதற்குள் எக்ஸ் கதிர் சிதறிப் படத்தைக் கொடுத்துவிடும் என்றது அந்தக் கணக்கு. நான் அப்போது நம்பவில்லை. கணக்கு சரி, கருவி எங்கே என்றுதான் நினைத்தேன். 2011-இல் ஹென்றி சாப்மேன், பெட்ரா ஃப்ரோம் குழு, ஒளிச்சேர்க்கையின் இன்னொரு புரதத் தொகுதியான போட்டோசிஸ்டம் 1-இன் நுண்படிகங்களை ஒரு திரவத் தாரையில் ஓடவிட்டு, 70 ஃபெம்டோ நொடி மின்னல்களால் 30 லட்சத்துக்கும் மேலான படங்களை எடுத்து, அதிலிருந்து கட்டமைப்பைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு படிகமும் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு ஆவியாகிப் போனது. அந்தக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன்.

தண்டவாளம்

நான் இயந்திரவியல் ஆள். மருத்துவமனையில் இருக்கும் எக்ஸ்-ரே குழாய் இதற்கு ஆகாது என்று புரிகிறது. அப்படியானால் இந்த மின்னல் எங்கிருந்து வருகிறது? இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 போதாதா?

கண்ணாடிநுனி

இண்டஸ்-2 ஒரு சின்க்ரோட்ரான். வட்டப் பாதையில் எலக்ட்ரான் கொத்துகள் சுற்றிக்கொண்டே இருக்கும், திரும்பும் இடத்தில் எக்ஸ் கதிரை உமிழும். அங்கே மின்னலின் நீளம் பத்து, நூறு பிக்கோ நொடிக் கணக்கு (ஒரு பிக்கோ நொடி என்பது ஆயிரம் ஃபெம்டோ நொடி). நமக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். சுற்றிச் சுற்றி ஓடும் கொத்து நீண்டுவிடும், அதனால் ஒரே நேர்கோட்டில் ஒருமுறை ஓடவிட்டு அத்துடன் விட்டுவிட வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஸ்லாக் ஆய்வகத்தில் 1960-களில் கட்டிய 3 கி.மீ. நீள நேர்கோட்டு முடுக்கி இருக்கிறது. துகள் இயற்பியலுக்காகக் கட்டியது. அதை எக்ஸ் கதிர் லேசராக மாற்றலாம் என்று 1992-இல் கிளாடியோ பெல்லெக்ரினி யோசனை சொன்னார். அந்த முடுக்கியின் கடைசி ஒரு கி.மீ.யை வைத்து உருவானதுதான் எல்சிஎல்எஸ். 2009 ஏப்ரலில் 0.15 நானோமீட்டர் அலைநீளத்தில் முதல் லேசர் ஒளி வந்தது.

எலக்ட்ரான்கள் 1,360 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கப்பட்டு, வடக்கும் தெற்கும் மாறி மாறி அடுக்கிய காந்த வரிசைக்குள் நுழையும். நூறு மீட்டருக்கு மேல் நீளும் வரிசை அது. உள்ளே எலக்ட்ரான் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு வளைவிலும் ஒளியை உமிழும். காந்தங்களின் ஒரு சுற்று 3 செ.மீ. எலக்ட்ரான் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போவதால் அதன் பார்வையில் அந்த 3 செ.மீ. சுருங்கிவிடுகிறது. அது உமிழும் ஒளி நம் பார்வையில் இன்னொரு முறை சுருங்குகிறது. இரண்டு சுருக்கமும் சேர்ந்து 3 செ.மீ.யை 0.15 நானோமீட்டர் ஆக்கிவிடுகின்றன.

ஆனால் அது மட்டும் லேசர் ஆகாது. ஆளாளுக்குக் கை தட்டினால் இரைச்சல்தான் வரும். கும்மியில் எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டினால் தெருமுனை வரை கேட்கும். இங்கே தாளம் போடுவது அந்த ஒளியேதான். முதலில் வரும் ஒளி எலக்ட்ரான்களைத் தள்ளி இழுத்து, ஓர் அலைநீளத்துக்கு ஒரு வரிசை என்று அடுக்கிவிடும். அடுக்கான பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் உமிழும். எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்காகும். முடிவில் ஒரே மின்னலில் லட்சம் கோடி ஃபோட்டான், சில பத்து ஃபெம்டோ நொடிக்குள்.

இப்போது ஜப்பானில் சாக்லா (2011), தென் கொரியாவில் போஹாங், சுவிட்சர்லாந்தில் சுவிஸ்ஃபெல், ஹாம்பர்க் பக்கத்தில் 3.4 கி.மீ. நீளமுள்ள யூரோப்பியன் எக்ஸ்-ஃபெல் (2017) எல்லாம் ஓடுகின்றன. எல்சிஎல்எஸ் முதலில் நொடிக்கு 120 மின்னல்தான் கொடுத்தது. 2023 செப்டம்பரில் அங்கே புது முடுக்கி வந்தது. திரவ ஹீலியத்தில் 2 கெல்வினுக்குக் குளிர்வித்த நயோபியக் குழிகள், நொடிக்குப் பத்து லட்சம் மின்னல் வரை கொடுப்பதுதான் அதன் திட்டம்.

பழைய பிலிம்

ஒரு சின்னச் சேர்க்கை. குதிரை ஓடும்போது நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விடுகிறதா என்று 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமரா வைத்துப் படம் எடுத்தார் அல்லவா, அது லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பாலோ ஆல்டோ பண்ணை. பின்னால் பல்கலைக்கழகம் எழுந்தது அங்கேதான். ஸ்லாக் இருப்பதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில்தான்.

மருதாணி

ஐயா, குதிரை உதாரணம் வகுப்பில் கண்டிப்பாக எடுபடும். ஆனால் ஒன்று இடிக்கிறது. குதிரை ஒன்றுதான், படங்கள் பல. இங்கே ஒவ்வொரு படத்திலும் படிகம் அழிந்துபோகிறது என்கிறீர்கள். அப்புறம் எப்படி அடுத்த படம்?

கண்ணாடிநுனி

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். "மூலக்கூறு சினிமா" என்ற பேர் கொஞ்சம் ஏமாற்றும். ஒரே மாதிரியான லட்சம் குதிரைகள், லட்சம் ஓட்டங்கள், ஓட்டத்துக்கு ஒரே ஒரு படம். எல்லா ஓட்டத்தையும் ஒரே விசில் தொடங்கிவைக்க வேண்டும். அந்த விசில் ஒரு சாதாரண ஒளி லேசர். லேசர் அடித்து 1 மைக்ரோ நொடி கழித்து எடுத்த படங்களை எல்லாம் ஒரு கட்டாகச் சேர்ப்போம், 100 மைக்ரோ நொடி கழித்து எடுத்தவற்றை இன்னொரு கட்டாக. கட்டுகளை வரிசையாக அடுக்கினால் கதை வரும். ஃபெம்டோ நொடிக் கணக்கில் பார்க்கும்போது விசிலுக்கும் மின்னலுக்கும் நடுவே நூறு ஃபெம்டோ நொடி அளவு முன்பின்னாகும். அதை நிறுத்த முடியாது. அதனால் ஒவ்வொரு மின்னலிலும் அந்த முன்பின்னைத் தனியாக அளந்து, பிறகு படங்களைச் சரியான வரிசைக்குக் கொண்டுவருவோம்.

உள்ளே அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மனித முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனி. அதைச் சுற்றி ஹீலியம் பீறிட்டு, வெளியே வரும் திரவத்தை நெருக்கிச் சில மைக்ரான் தடிமனுள்ள தாரையாக்கும். திரையில் அது ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி ஆடாமல் நிற்கும். நொடிக்கு 10 மீட்டர் வேகம். நொடிக்கு 120 மின்னல் என்றால் இரண்டு மின்னலுக்கு நடுவே 8 செ.மீ. தாரை ஓடிவிடும், கதிர் தொடுவது அதில் சில மைக்ரான்தான். மீதி எல்லாம் வீண். நான்கு மாதம் வளர்த்த புரதம் கண்ணெதிரே வழிந்து போகும். வெற்றிடத்தில் ஓடவிட்டால் கீழே விழும் நீர் உறைந்து, கறையான் புற்று மாதிரி மேல்நோக்கி வளர்ந்து வந்து நுனியைத் தொடப் பார்க்கும்.

எனக்கு இன்றும் ஆறாத ஓர் இரவு உண்டு. எங்களுக்குக் கிடைத்தது 12 மணி நேர முறை, அடுத்தது எட்டு மாதம் கழித்துத்தான். விடியற்காலை மூன்று மணிக்குத் தாரை நின்றுவிட்டது. சிரிஞ்சுக்குள் படிகங்கள் அடியில் தங்கி நுனியை அடைத்திருந்தன. சிரிஞ்சை உருட்டிக்கொண்டே இருக்கும் மோட்டார் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. மாற்று நுனி பொருத்தித் தாரையைத் திரும்பக் கொண்டுவர இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் எடுத்திருக்க வேண்டிய கட்டு இன்று வரை எங்கள் தொகுப்பில் இல்லை.

ஒளிவிரட்டி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் லேசர் நிறமாலைக்காரன், ஒரு கவலையைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் எக்ஸ் கதிர் மின்னலைப் பற்றியே பேசுகிறீர்கள். கோளாறு விசிலில் இருக்கிறது.

செடியின் மேல் வெயில் விழும்போது ஒரு மூலக்கூறுக்கு ஒரு சமயத்தில் ஒரு ஃபோட்டான். இந்தச் சோதனைகளில் வேறுபாடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று, படிகத்தில் உள்ள எல்லா மூலக்கூறையும் ஒரே நேரத்தில் எழுப்பப் பார்க்கிறார்கள். அதற்காக லேசரைப் பலமாக அடிக்கிறார்கள். அந்தப் பலத்தில் ஒரு மூலக்கூறு இரண்டு, மூன்று ஃபோட்டானை விழுங்கிவிடும். அப்படிப் பார்ப்பது இயற்கையில் நடக்கும் வினையா? ஆர்.ஜே. டுவெயின் மில்லர் போன்றவர்கள் இதை வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள்.

கண்ணாடிநுனி

நியாயமான கேள்வி. ஆனால் ஆரம்பகாலச் சோதனைகளை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதமான மயோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு பிரிந்ததும் அரை பிக்கோ நொடிக்குள் புரதம் முழுக்க அசைவு பரவுவதை 2015-இல் எல்சிஎல்எஸ்ஸில் பார்த்தார்கள். அதுவரை கணினியில் மட்டும் இருந்த விஷயம் அது.

ஒளிவிரட்டி

அதே மயோகுளோபினைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்தச் சோதனையைச் செய்த ஹைடெல்பர்க் மேக்ஸ் பிளாங்க் குழுவே, தாமஸ் பாரெண்ட்ஸும் இல்மே ஷ்லிக்டிங்கும்தான், லேசரின் பலத்தைப் படிப்படியாகக் குறைத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2024-இல் வெளியானது. பலத்தைப் பொறுத்து அணுக்கள் நகரும் விதமும் நேரமும் மாறுகின்றன என்று கண்டார்கள். பலமான லேசரில் கிடைத்த கதையை, ஒரு ஃபோட்டான் பட்டால் நடக்கும் கதை என்று எடுத்துக்கொள்ள முடியாது. தங்கள் புகழ்பெற்ற முடிவைத் தாங்களே சோதித்து, மாற்றிச் சொன்னார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரை அதுதான்.

கண்ணாடிநுனி

ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுரைக்குப் பிறகு லேசர் பலத்தை அளந்து காட்டாத ஃபெம்டோ நொடி முடிவு எதையும் நானும் தயக்கத்தோடுதான் படிக்கிறேன். மேலே 2015 முடிவைச் சொன்னபோதே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மருதாணி

அப்படியானால் தண்ணீர் பிரிவதைப் பார்த்தது? அதுவும் பலமான லேசர்தானே?

ஒளிவிரட்டி

இல்லை டீச்சர், அங்கே எனக்குக் கவலை குறைவு. போட்டோசிஸ்டம் 2-க்குப் பயன்படுத்துவது நானோ நொடி அளவிலான மின்னல், ஃபெம்டோ லேசரின் அந்த உச்ச பலம் இல்லை. வினையே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளவும் செய்கிறது. 1969-இல் பாரிஸில் பியர் ஜோலியோ, இருட்டில் வைத்திருந்த மாதிரிக்கு மின்னல் ஒன்றொன்றாகக் கொடுத்து ஆக்சிஜனை அளந்தார். முதல் மின்னலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மூன்றாவதில் குபீரென்று வந்தது. அப்புறம் நான்கு மின்னலுக்கு ஒருமுறை. அடுத்த ஆண்டு பெசல் கோக் அதற்கு விளக்கம் கொடுத்தார். மாங்கனீசுக் கொத்து ஒரு மின்னலுக்கு ஒரு படி ஏறுகிறது, நான்கு படி ஏறியதும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே விடுகிறது. இருட்டில் அது ஏற்கெனவே ஒரு படி ஏறிய நிலையில் காத்திருக்கும். அதனால்தான் முதல் முறை மட்டும் மூன்று. எக்ஸ் கதிர்ச் சோதனைக்காரர்கள் அதே வெளிச்சத்தில் ஆக்சிஜன் வருகிறதா என்று தனியாக அளந்துவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள்.

கண்ணாடிநுனி

மாணவிக்குச் சொல்ல வேண்டியதை இங்கே தருகிறேன். வெந்நீர் ஊற்றில் வாழும் நீலப்பச்சைப் பாசியை லிட்டர் லிட்டராக வளர்த்து, மங்கலான பச்சை விளக்கில் போட்டோசிஸ்டம் 2-ஐப் பிரித்துப் படிகமாக்குவார்கள். பச்சை ஒளியைப் பச்சையம் அதிகம் உறிஞ்சாது என்று உங்கள் வகுப்புக்கே தெரியும். பெர்க்லி குழு தாரையை விட்டுவிட்டு, ஒலி அலையால் சொட்டுகளை ஓடும் நாடாவின் மேல் ஏற்றுகிறது. கரும்பச்சைச் சொட்டு ஒவ்வொன்றும் நாடாவில் போய்க்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று லேசர் மின்னல் வாங்கி, கடைசியில் எக்ஸ் கதிரைச் சந்திக்கும். ஒரே எக்ஸ் கதிர் மின்னலில் படிகத்தின் படமும் கிடைக்கும், மாங்கனீசு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலும் கிடைக்கும். ஜப்பானில் ஒகயாமாவின் ஜியன்-ரென் ஷென் குழுவும் சாக்லாவில் இதே கேள்வியைத் துரத்துகிறது. இரண்டாவது மின்னலுக்கு அப்புறம் சில நூறு மைக்ரோ நொடிக்குள், மாங்கனீசுக்கும் கால்சியத்துக்கும் நடுவே புதிதாக ஓர் ஆக்சிஜன் வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது மின்னலுக்குப் பிந்தைய படங்கள் 2023-இல் வந்தன. இரண்டு ஆக்சிஜனும் கைகோக்கும் அந்த ஒரு கணம் மட்டும் இன்னும் தெளிவாகப் படத்தில் சிக்கவில்லை.

மருதாணி

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து எழுதுகிறேன். புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் நான்கு படி வரைந்தேன். முதல் படியில் ஒரு புள்ளி, "இருட்டில் இங்கேதான் காத்திருக்கும்" என்றேன். மூன்று மின்னல், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. பெர்க்லியின் நாடா, பச்சைச் சொட்டு, புதிதாக வந்து உட்காரும் ஆக்சிஜன் எல்லாம் சொன்னேன். கடைசிக் கணத்தை இதுவரை யாரும் தெளிவாகப் பார்க்கவில்லை என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

அந்தப் பெண் நோட்டில் விரல் வைத்துப் படிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். நான் அடுத்த பாடத்துக்குப் பக்கத்தைத் திருப்பும்போது கையைத் தூக்கினாள். "அப்ப அடுத்தது ஏழாவது மின்னல்ல வரும், இல்ல மிஸ்?"